மின்னல் முதல் எலெக்ட்ரோஜெட் வரை: அயனி மண்டலத்தின் தாழ் அதிர்வெண் அலைகளும் மின்னோட்டங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைக்கு மேல் 60 கிலோமீட்டரில் தொடங்குகிறது அயனி மண்டலம். அங்கே ஓடும் மின்னோட்டங்களைப் பற்றியும், அதன் அடியில் உலகைச் சுற்றிவரும் தாழ் அதிர்வெண் அலைகளைப் பற்றியும் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை நின்று நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

அயனி மண்டலம் என்பது தனி அடுக்கா?

கோடு போட்டுப் பிரிக்க முடியாது. அதுவும் காற்றுதான், மிக மெலிந்த காற்று. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அந்தக் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்துவிடுவதால் அங்கே மின்சாரம் பாய வழி உண்டாகிறது. கீழிருந்து மேலாக டி, இ, எஃப் என்று மூன்று பகுதிகளாகச் சொல்வது வழக்கம். டி பகுதி 60 முதல் 90 கி.மீ. வரை, இ பகுதி 150 கி.மீ. வரை, அதற்கு மேல் எஃப். பகலில் எஃப் பகுதியின் உச்சத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான்கள் வரை இருக்கும். டி பகுதியிலோ சில நூறு, மிஞ்சினால் சில ஆயிரம். பொழுது சாய்ந்ததும் அதுவும் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

தாழ் அதிர்வெண் என்றால் எவ்வளவு தாழ்வு?

இந்தத் துறையில் பேசப்படுவது சில ஹெர்ட்ஸிலிருந்து 30 கிலோஹெர்ட்ஸ் வரை. பண்பலை வானொலியின் ஓர் அலை சுமார் 3 மீட்டர் நீளம். 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 15 கிலோமீட்டர். 10 ஹெர்ட்ஸுக்கு வந்தால் 30,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் காது கேட்கும் ஒலியின் எல்லையும் ஏறக்குறைய இதே எண்கள்தான். இவை ஒலி அலைகள் கிடையாது, வானொலி அலைகளின் குடும்பம். ஆனாலும் ஒரு கம்பியில் பிடித்து, பெருக்கி, ஹெட்ஃபோனில் விட்டால் வேறெந்த மாற்றமும் செய்யாமலே காதில் கேட்கும். இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய வரம் இது.

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது, தரையில் உட்கார்ந்து தாழ் அதிர்வெண் அலைகளைக் கேட்கும் இந்தப் பழைய வழி எதற்கு?

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

ஆய்வு பலூன்கள் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேலே போவதற்குள் ஓய்ந்துவிடும். செயற்கைக்கோள் 150 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் காற்றின் உராய்வில் சில நாள்கூடத் தாங்காது. ஆக, 50 முதல் 120 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் எந்தக் கருவியையும் நிறுத்திவைக்க இயலாது. ஆய்வு ராக்கெட் விடலாம், விடுகிறார்கள். ஆனால் அது சில நிமிடங்களில் அந்த இடத்தைக் கடந்துவிடும். மறுநாள் அங்கே என்ன நடந்தது என்று அதனால் சொல்ல முடியாது. ரேடார்கள் இ பகுதியை நன்றாகப் பார்க்கும். டி பகுதியில், அதுவும் இரவில், எலக்ட்ரான்கள் மிகக் குறைவு என்பதால் அவையும் திணறும்.

தாழ் அதிர்வெண் அலைக்கு அந்தச் சிரமம் இல்லை. கன சென்டிமீட்டருக்குச் சில நூறு எலக்ட்ரான்கள் இருந்தாலே போதும், அது மேலே மோதித் திரும்பிவிடும். பகலில் சுமார் 70 கிலோமீட்டரில், இரவில் 85 கிலோமீட்டர் வாக்கில். யாரும் போய் நிற்க முடியாத அந்த இடத்தை இரவும் பகலும் தொட்டுத் தொட்டு வரும் கை இந்த அலைதான். தரையில் உட்கார்ந்து அதன் வலுவையும் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதை) குறித்துக்கொண்டே இருந்தால், மேற்கூரை எப்போது இறங்கியது, எப்போது ஏறியது என்று நொடிக்கு நொடி தெரிந்துகொள்ளலாம்.

இந்த அலைகளை உண்டாக்குவது யார்?

பெரும்பங்கு மின்னலுடையது. உலகம் முழுதும் நொடிக்குச் சுமார் 45 மின்னல்கள் வெட்டுகின்றன. ஒவ்வொன்றும் பல்லாயிரம் ஆம்பியர் மின்னோட்டத்தைக் கண நேரத்தில் பாய்ச்சும் ஓர் ஒலிபரப்பி. அந்தத் துடிப்பு தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே சிக்கி, ஒரு பெரிய குழாய்க்குள் போவதுபோல் பல்லாயிரம் கிலோமீட்டர் போகிறது. ஹெட்ஃபோனில் கேட்டால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் படபடவென்ற சத்தம்.

இரவில் அந்தப் பொரிச்சலின் நடுவே வேறொரு சத்தம் வரும். மெல்லிய கம்பியைச் சுண்டினாற்போல் 'ட்யூங்' என்று. இதற்கு ட்வீக் என்று பெயர். இதை முதல்முறை கேட்டபோது கருவியில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். விஷயம் இதுதான்: தரையும் மேற்கூரையும் சேர்ந்த அந்தக் குழாயில், கூரைக்கும் தரைக்கும் மாறி மாறி மோதிப் போகும் அலை, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே முன்னேற முடியாது. அந்த எல்லையை நெருங்கும் பகுதி தவழ்ந்து தவழ்ந்து கடைசியில் வந்து சேரும். அதனால் மின்னலின் ஒற்றைத் துடிப்பு நீண்டு, ஒரு சுருதியில் வந்து நிற்கிறது.

அந்தச் சுருதியை அளந்தால் கூரையின் உயரமே கைக்குள் வந்துவிடும். ஒளியின் வேகத்தை, அந்த அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். ட்வீக் 1,760 ஹெர்ட்ஸில் நின்றால், நொடிக்கு 3,00,000 கி.மீ. என்பதை 3,520 ஆல் வகுங்கள்: சுமார் 85 கிலோமீட்டர். ஒரு கம்பி, ஒரு பெருக்கி, ஒரு வகுத்தல் கணக்கு. இவ்வளவை வைத்துக்கொண்டு அயனி மண்டலத்தின் அடிப்பகுதியை அளந்துவிடலாம் என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

'விசிலர்' என்கிறார்களே, அது என்ன?

உச்சியில் தொடங்கி, ஓரிரு நொடியில் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும் சீழ்க்கை ஒலி. 1886-லேயே ஆஸ்திரியாவில் நீண்ட தொலைபேசிக் கம்பிகளில் இதைக் கேட்டிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் எதிரியின் களத் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்க முயன்ற ஜெர்மானியர்களுக்கும் இது குறுக்கே வந்தது. அதைப் பதிவுசெய்து எழுதியவர் இயற்பியலாளர் பார்க்ஹௌசன்.

சரியான விளக்கம் 1953-ல்தான் வந்தது. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த ஓவன் ஸ்டோரி, மின்னலின் துடிப்பில் ஒரு பகுதி அயனி மண்டலத்தைத் துளைத்து வெளியேறி, பூமியின் காந்த விசைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு பல ஆயிரம் கிலோமீட்டர் உயரம் போய், எதிர் அரைக்கோளத்தில் இறங்குகிறது என்று காட்டினார். வழியிலுள்ள பிளாஸ்மாவில் (எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த வாயுவில்) உயர் அதிர்வெண்கள் விரைவாகவும் தாழ் அதிர்வெண்கள் மெதுவாகவும் போவதால், ஒரே நேரத்தில் கிளம்பியவை வரிசையாக வந்து சேர்கின்றன. அதுதான் அந்தச் சறுக்கல்.

ஆனால் சீழ்க்கை அவ்வளவு நீண்டு ஒலிக்க வேண்டுமானால் வழியெல்லாம் எலக்ட்ரான்கள் இருந்தாக வேண்டும். அந்த உயரத்தில் ஒன்றுமே இராது என்றுதான் அன்று நம்பினார்கள். முதல் செயற்கைக்கோள் பறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், தரையில் கேட்ட ஒரு சீழ்க்கையை வைத்து, பூமியைச் சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிளாஸ்மா பரவியிருப்பதை ஸ்டோரி கண்டு சொன்னார். 1963-ல் டான் கார்பென்டர் இதே விசிலர்களைக் கொண்டு, அந்தப் பிளாஸ்மா ஓர் இடத்தில் திடீரென்று முடிகிறது என்பதையும் காட்டினார்.

ஷூமன் ஒத்ததிர்வு 'பூமியின் இதயத்துடிப்பு' என்கிறார்கள். அது உயர்ந்துகொண்டே போகிறதாமே?

உயரவில்லை. முதல் அதிர்வெண் 7.8 ஹெர்ட்ஸை ஒட்டியே இருக்கிறது. அடுத்தவை 14, 20, 26 ஹெர்ட்ஸ் வாக்கில். நேரத்தைப் பொறுத்தும் சூரியனின் நிலையைப் பொறுத்தும் பத்தில் சில பங்கு ஹெர்ட்ஸ் அசையும், அவ்வளவுதான். இணையத்தில் சுற்றும் வண்ணப் படங்களில் தெரியும் வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் உள்ளூர் இடிமழையோ கருவிக்கு அருகில் நடந்த இடையூறோதான்.

கதையைவிட உண்மை அழகானது. பூமியை ஒரு முறை சுற்ற ஒளிக்கு நொடியில் ஏழரையில் ஒரு பங்கு ஆகும். உலகின் எல்லா மின்னல்களும் சேர்ந்து தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடைப்பட்ட அந்த வெளியைத் தட்டிக்கொண்டே இருக்க, அது மணிபோல் தன் சொந்த அதிர்வெண்களில் ஒலிக்கிறது. 1952-ல் வின்ஃப்ரீட் ஓட்டோ ஷூமன் கணக்கிட்டுச் சொன்னார்; 1960-ல் பால்சரும் வாக்னரும் தெளிவாக அளந்து காட்டினார்கள். இதன் வலு ஒரு நாளில் மூன்று முறை ஏறும்: ஆசியாவின் மாலை, ஆப்பிரிக்காவின் மாலை, தென் அமெரிக்காவின் மாலை. அந்தந்தக் கண்டத்தில் இடிமேகம் திரளும் வேளைகள் அவை. ஒரே இடத்தில் இருந்துகொண்டு உலகம் முழுவதின் இடிமழையையும் கணக்கெடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

அவ்வளவு உயரத்தில் மின்னோட்டம் எப்படி ஓடுகிறது? பேட்டரி எங்கே?

காற்றுதான் பேட்டரி. 1722-ல் லண்டனில் ஜார்ஜ் கிரகாம் தன் காந்த ஊசி தினமும் மிகச் சிறிதாக அங்குமிங்கும் அசைவதைக் கவனித்தார். 1882-ல் பால்ஃபர் ஸ்டூவர்ட், மேல் வளிமண்டலத்தில் மின்சாரம் ஓடுவதுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்றார். அயனி மண்டலம் என்ற பெயர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சொன்னது இது.

டைனமோவில் காந்தப் புலத்துக்கு நடுவே செப்புக் கம்பி சுழல்கிறது. மேலே பூமியின் காந்தப் புலத்துக்குக் குறுக்கே மின்கடத்தும் காற்று வீசுகிறது. சூரியன் சூடேற்றுவதால் எழும் அலைகளும், ஓரளவு நிலவின் ஈர்ப்பும் அந்தக் காற்றை ஓட்டுகின்றன. இ பகுதியின் உயரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அங்கே கனமான அயனிகள் காற்று மூலக்கூறுகளோடு அடிக்கடி முட்டிக்கொள்வதால் காற்றோடு இழுபட்டுப் போகும். எடை குறைந்த எலக்ட்ரான்களோ காந்தக் கோடுகளை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். ஒன்று ஓட, மற்றது நிற்க, அந்த வேறுபாடுதான் மின்னோட்டம். இதற்குக் கீழே இரண்டுமே காற்றில் மாட்டிக்கொள்ளும், மேலே இரண்டுமே காந்தக் கோட்டில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மின்னோட்டம் பெரும்பாலும் 90 முதல் 150 கி.மீ. வரைதான். பகல் பக்கத்தில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு பெரும் சுழல்கள் நாள்தோறும் சூரியனோடு நகர்கின்றன. தரையில் அளக்கும் காந்தப் புலத்தில் அதன் தடம் சில பத்து நானோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் புலத்தின் அலகு).

எலெக்ட்ரோஜெட் என்பது இதே மின்னோட்டமா?

இதே மின்னோட்டம் ஒரு குறுகிய பட்டையில் நெருக்கிக்கொண்டு ஓடினால் எலெக்ட்ரோஜெட். 1922-ல் பெரு நாட்டின் உவான்காயோவில் தொடங்கிய காந்த ஆய்வகத்தில், காந்தப் புலத்தின் நண்பகல் ஏற்றம் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இருப்பது தெரிந்தது. காரணம், அந்த ஊர் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததுதான். 1951-ல் சிட்னி சாப்மன் இதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தார்.

காந்த நடுக்கோட்டில் விசைக்கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். பகலில் அங்குள்ள மின்புலம் கிழக்கு நோக்கியது. அது எலக்ட்ரான்களை மேலே தள்ளப் பார்க்கிறது. ஆனால் கடத்தும் அடுக்கு மெல்லியது, போக இடமில்லை. மேற்பக்கம் எதிர் மின்னும் கீழ்ப்பக்கம் நேர் மின்னும் தேங்கி, முதலில் இருந்ததைவிடப் பல மடங்கு வலுவான ஒரு செங்குத்து மின்புலம் உருவாகிறது. அது எலக்ட்ரான்களை மேற்கே விரட்ட, மின்னோட்டம் கிழக்கே பாய்கிறது. உயரம் சுமார் 105 கி.மீ., அகலம் சுமார் 600 கி.மீ. அணைகட்டி நிறுத்திய தண்ணீர் மதகில் சீறுவதுபோல என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். 1963 நவம்பர் 21-ல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் பறந்த கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும், அது காந்த நடுக்கோட்டின் அருகில் இருந்ததே காரணம்.

சில நாள்களில் இந்த ஓட்டம் சில மணி நேரம் திசை மாறி மேற்கே ஓடும். 2022 ஜனவரி 15-ல் டோங்கா எரிமலை வெடித்தபோது கிளம்பிய காற்றலைகளும் எலெக்ட்ரோஜெட்டைத் திசை திருப்பின. கடலடியில் வெடித்த எரிமலை, நூறு கிலோமீட்டர் உயரத்து மின்னோட்டத்தைத் திருப்புகிறது!

துருவப் பகுதிகளிலும் எலெக்ட்ரோஜெட் உண்டு. அங்கே ஓட்டுவது காற்று கிடையாது. விண்வெளியிலிருந்து காந்தக் கோடுகள் வழியாக இறங்கும் மின்னோட்டம். நார்வேயின் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட் 1908-ல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. செயற்கைக்கோள்கள் வந்த பிறகு, 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும்தான் அது உறுதியானது. காந்தப் புயலின்போது அங்கே பத்து லட்சம் ஆம்பியருக்கும் மேல் ஓடும்.

இவ்வளவு மெல்லிய சிக்னலை எப்படி அளக்கிறார்கள்?

மெதுவான மாற்றங்களுக்கு ஃப்ளக்ஸ்கேட் காந்தமானி. சில ஹெர்ட்ஸுக்கு மேல் என்றால் கம்பிச்சுருள்: ஒரு மீட்டர் அளவுள்ள காந்த உலோகத் தண்டின் மேல் பல்லாயிரம் சுற்று மெல்லிய செப்புக் கம்பி.

சுருளைவிடப் பெரிய வேலை அதை வைக்கும் இடம். ஷூமன் அலையின் வலு ஒரு பிகோடெஸ்லா (நானோடெஸ்லாவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு. பூமியின் காந்தப் புலம் அதைப்போல நாலு கோடி மடங்கு. எனவே சுருள் இம்மி அசைந்தாலும் பூமியின் புலமே பொய்ச் சிக்னலாக உள்ளே வந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மீட்டர் தண்டின் முனை 25 நானோமீட்டர் ஆடினாலே ஒரு பிகோடெஸ்லா. தலைமுடியின் பருமனில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் சுருளைக் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். அருகில் மரம் இருக்கக் கூடாது. காற்றில் மரம் ஆடினால் வேர் ஆடும், வேர் ஆடினால் மண் ஆடும்.

அப்புறம் மின்கம்பிகளின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல். இது புதிய தலைவலி இல்லை. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், கொலாபாவில் 1840-களிலிருந்து நடந்துவந்த காந்தப் பதிவுகளைக் காப்பாற்ற, ஆய்வகத்தை அலிபாகுக்கு மாற்றினார்கள். அங்கே 1904 முதல் பதிவு தொடர்கிறது. இடையறாத நீண்ட பதிவுக்கு ஈடான கருவி எதுவும் இல்லை என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

மனிதர்களால் இந்த அலைகளை உண்டாக்க முடியுமா? அலாஸ்காவின் ஹார்ப் ஆய்வு நிலையம் வானிலையை மாற்றுகிறதா?

முதல் கேள்விக்கு ஆம். இரண்டாவதற்கு இல்லை.

3,000 கிலோமீட்டர் அலைக்கு ஆன்டெனா கட்டுவது நடக்காத காரியம். ஆனால் இயற்கை ஏற்கெனவே மேலே ஒரு கம்பியை இழுத்து வைத்திருக்கிறது: எலெக்ட்ரோஜெட். தரையிலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையைச் செலுத்தினால் எலக்ட்ரான்கள் சூடேறி, அந்த இடத்தின் மின்கடத்தும் திறன் மாறும். அலையை நொடிக்கு ஆயிரம் முறை அணைத்து அணைத்து ஏற்றினால், மின்னோட்டமும் நொடிக்கு ஆயிரம் முறை கூடிக் குறையும். அந்த வானமே ஆயிரம் ஹெர்ட்ஸ் ஆன்டெனாவாகிவிடும். 1974-ல் சோவியத் விஞ்ஞானி கெட்மன்ட்சேவ் குழுவினர் இதைச் செய்து காட்டினார்கள். அலாஸ்காவின் ககோனாவில் 180 ஆன்டெனாக்களோடு 3.6 மெகாவாட்டில் இயங்கும் ஹார்ப் நிலையமும் இதைப் பலமுறை செய்திருக்கிறது. 2015 முதல் அதை நடத்துவது அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகம். இவ்வளவு மின்திறன் போட்டும் தரைக்கு வந்து சேர்வது பிகோடெஸ்லா அளவுதான்.

மழையும் புயலும் உருவாவது பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள். அந்த வானொலி அலை அந்தக் காற்றில் உறிஞ்சப்படாமல் நேரே தாண்டிப் போய்விடுகிறது. சூடேறும் சில எலக்ட்ரான்களும், அலையை நிறுத்தினால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆறிவிடும்.

நீர்மூழ்கிக் கப்பலோடு பேசத் தாழ் அதிர்வெண் அலைகளைப் பயன்படுத்துவார்களாமே?

ஆம். உப்புநீர் வானொலி அலையை விழுங்கிவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் அலை கடலில் 8 சென்டிமீட்டரிலேயே மூன்றில் ஒரு பங்காக மங்கும். 20 கிலோஹெர்ட்ஸில் அந்த ஆழம் சுமார் 1.8 மீட்டர், 76 ஹெர்ட்ஸில் 29 மீட்டர். அமெரிக்கக் கடற்படை 76 ஹெர்ட்ஸ் நிலையங்களை 2004 வரை இயக்கியது. 20 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒலிபரப்பும் கடற்படை நிலையங்கள் பல நாடுகளில் இன்றும் உண்டு, அவையே டி பகுதி ஆய்வுக்கு நல்ல விளக்குகளாகவும் பயன்படுகின்றன.

சூரியனில் வெடிப்பு நிகழ்ந்தால் இதில் தெரியுமா?

எட்டு நிமிடத்தில் தெரியும். எக்ஸ் கதிர் வந்து சேர்ந்ததும் டி பகுதி அடர்ந்து கூரை கீழே இறங்குகிறது. தொலைதூர நிலையத்தின் வலுவைக் காட்டும் கோடு சட்டென்று எழும்பி மெதுவாகச் சரியும். சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி. அலை வரும் வழியைப் பொறுத்துத் தலைகீழாகவும் விழலாம். சூரியன் மட்டுமல்ல: 1998 ஆகஸ்ட் 27 அன்று ஆயிரக்கணக்கான ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு காந்த நட்சத்திரம் வெடித்துச் சிதறவிட்ட காமா கதிர், இரவுப் பக்கத்தின் அயனி மண்டலத்தைச் சில நிமிடங்களுக்குப் பகல்போல் மாற்றியது. அதைப் பிடித்துக் காட்டியதும் இதே தாழ் அதிர்வெண் பதிவுகள்தான்.

மேலே ஓடும் மின்னோட்டத்தால் தரையில் சேதம் வருமா?

வந்திருக்கிறது. 1989 மார்ச் 13-ல் துருவ எலெக்ட்ரோஜெட் பொங்கியபோது தரையில் தூண்டப்பட்ட மின்னோட்டம் கனடாவின் கியூபெக் மின்தொகுப்பை ஒன்றரை நிமிடத்தில் சாய்த்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள்.

இந்த அலைப் பதிவு நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லுமா?

இன்றைய நிலையில் சொல்லாது. 1989-ல் கலிஃபோர்னியாவின் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்துக்கு முன் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் அசாதாரணமான ஏற்றம் பதிவானதாக ஓர் ஆய்வு வந்தது. பின்னர் அதே தரவை மறுபடி பார்த்தவர்கள், காந்தப் புயலாலோ கருவியாலோ அது வந்திருக்கலாம் என்றார்கள். 2004 முதல் 2010 வரை பறந்த பிரெஞ்சு செயற்கைக்கோள் டெமட்டர், ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்களின் சராசரியில் ஒரு சிறு மாற்றத்தைக் காட்டியது. சராசரியில் தெரிவதை வைத்து 'நாளை இந்த ஊரில்' என்று சொல்ல முடியாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அரைகுறை எச்சரிக்கை கொடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

வீட்டிலிருந்தே கேட்க முடியுமா?

முடியும். ஒரு மீட்டர் சதுர மரச்சட்டத்தில் ஐம்பது சுற்றுக் கம்பி, ஒரு சிறிய பெருக்கி, மடிக்கணினியின் ஒலி உள்ளீடு. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் சாதாரண ஒலி அட்டையே 24 கிலோஹெர்ட்ஸ் வரை காட்டும். ஆஸ்திரேலியாவின் 19.8 கிலோஹெர்ட்ஸ் நிலையம் போன்றவை அதற்குள் அடங்கும். ட்வீக், விசிலர் கேட்க வேண்டுமானால் மின்கம்பிகளை விட்டு நன்றாக விலகி, சார்ஜரைக் கழற்றிவிட்டு, வெட்டவெளியில் உட்காருங்கள். நள்ளிரவு முதல் விடியல்வரை நல்ல நேரம். ட்வீக் எங்கேயும் கிடைக்கும். விசிலர் நடு அகலாங்குகளில் தாராளமாகக் கிடைக்கும், காந்த நடுக்கோட்டுப் பக்கம் அரிது; பொறுமை வேண்டும்.

இன்னொன்று. பதிவுக் கோப்பின் பெயரிலேயே தேதியையும் உலக நேரத்தையும் எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதில் ஒரு விசித்திரமான கோட்டைப் பார்த்து, அன்று சூரியனில் ஏதாவது நடந்ததா என்று தேடும்போது அந்த எண்கள்தான் கைகொடுக்கும்.